வெள்ளிமலைக்குப் போன பென் டிரைவ்

பாய்,

இன்றைக்கும் அந்தச் சின்னப் பெட்டி திரையில் திறந்து, டிரைவை எந்த முறையில் ஃபார்மட் செய்ய, ஃபேட் 32-ஆ, என்.டி.எஃப்.எஸ்.-ஆ என்று கேட்டது. கை நின்றுவிட்டது. விண்டோஸ் ஏற்றுவதற்குப் பென் டிரைவ் தயார் செய்யும்போதெல்லாம் வருகிற கேள்விதான். இதற்காக நம் கம்ப்யூட்டர் கடையில் நாம் போட்ட சண்டை கொஞ்சமா?

அன்று வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பிள்ளைகளின் விண்ணப்பங்களை இரண்டு நாளில் அனுப்பியாக வேண்டும் என்று டீச்சர் போனில் பதறினார். நான் என்.டி.எஃப்.எஸ். போட்டேன். விண்டோஸில் ஒரு ஃபைல் நாலு ஜி.பி.க்கு மேல், ஃபேட் 32 அதை ஏற்காது. நீ எட்டிப் பார்த்தாய்.

"அது புது மிஷினு மச்சான். ஃபேட் 32 போட்டாத்தான் எழுந்திருக்கும். பெரிய ஃபைல ரெண்டா ஒடச்சுப் போடு."

"எனக்குத் தெரியும், நீ பஸ்ஸப் புடி" என்றேன். நம் கடைப் பழைய மிஷினில் செருகிப் பார்த்தேன், ஜம்மென்று எழுந்தது. அதை உன் கையில் திணித்து மலை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

சாயங்காலம் திரும்பி வந்து, "முடிஞ்சிச்சு" என்றாய். அவ்வளவுதான். மறுநாள் டிரைவைச் செருகினால் ஃபேட் 32! பெரிய ஃபைல் இரண்டாகக் கிடக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. பஸ்ஸிலேயே லேப்டாப்பைத் திறந்து மாற்றிவிட்டு, அங்கே போய் என்னை ஒன்றும் தெரியாதவன் என்று சொல்லியிருக்கிறாய் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் ஏன் மறைக்க வேண்டும்?

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, வேவு பார்த்தேன். அதற்குப் பிறகு டீச்சர் உன் எண்ணுக்கே கூப்பிட்டார். நீ வாசலுக்குப் போய்ப் பேசினாய். தியாகதுருகத்துக்கு அடிக்கடி போனாய். சரி, அங்கே தனிக்கடை போடப் போகிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் கடைக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை மாற்றினேன்.

காலையில் வந்து இரண்டு முறை அடித்துப் பார்த்தாய்.

"இன்னா மச்சான், மாத்திட்டியா?"

"வைரஸ் தொல்ல."

"கண்ணாடில உம் மூஞ்சியப் பாத்தாகூட யார்ரா நீன்னு கேக்கறவன்டா நீ" என்று சிரித்தாய். சிரித்தாய்தான், ஆனால் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். பிறகு வரவேயில்லை. நானும் கூப்பிடவில்லை. மூன்றாம் மாதம் உன் தம்பி போன் செய்து, நெஞ்சுவலியில் போய்விட்டாய் என்றான். உன் ஜனாஸாவில்கூட, அடக்கத்துக்கு வந்தவர்களில் யாராவது தனிக்கடையைப் பற்றிப் பேசுகிறார்களா என்று காது கொடுத்தேன் பாய். தியாகதுருகத்தில் உனக்கு இருந்தது ஒரு டாக்டர் மட்டும்தான் என்று அங்கேதான் தெரிந்தது.

போன வாரம் அந்த டீச்சர் கடைக்கு வந்து உன்னை விசாரித்தார். சொன்னேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கு டிரைவ் ஓடவே இல்ல சார். ஹெச்.எம். எகிறிட்டாரு. பாய்தான், 'எம் பார்ட்னரு சரியாத்தான் சொன்னாரு, நான்தான் தப்பாப் போட்டுக்கினு வந்துட்டேன்'னு சொல்லி, அங்கயே உக்காந்து மாத்திக் குடுத்தாரு. உங்ககிட்ட சொல்லலியா?"

இவர் எதற்கு இப்போது வந்து இதைச் சொல்கிறார் என்றுதான் முதலில் தோன்றியது. என் புத்தி அப்படி. அப்புறம்தான் உறைத்தது.

"சொன்னான்மா" என்றேன். "அன்னிக்கே சொன்னான். ரெண்டு பேரும் சிரிச்சோம்."

டீச்சர் நிம்மதியாகப் போனார். நான் அந்தப் பொய்யோடு உட்கார்ந்திருக்கிறேன் பாய். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அது உண்மையாகவே இருந்திருக்கும்.