பூட்டிய கதவுள்ள கல்லூரி

மகளுக்கு,

நானும் அம்மாவும் சித்தப்பாவும் சுகம், உன் சுகத்துக்கு எழுது. இப்படித் தொடங்கச் சொன்னது அம்மா. நான் நேரே திட்டத்தான் உட்கார்ந்தேன். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது, முழுக்கப் படி. தீயணைப்பு நிர்வாகத்தில் பட்டம் இருந்தால்தான் நிலைய அதிகாரி பதவி என்கிறார்கள், சரி, படி. அதற்காக ஒரு தனியார் கல்லூரியின் பளபளப்பான விளம்பரத்தைப் பார்த்து, ஒருவரையும் கேட்காமல், வருகிற வெள்ளிக்கிழமை பணம் கட்டப்போகிறேன் என்கிறாயே, எட்டு வருஷம் தீயணைப்பில் குழாய் பிடித்தவளுக்கு இவ்வளவுதானா புத்தி?

அவர்களுடைய அலுவலகம் இங்கே கடைவீதியில்தான், மூன்றாவது மாடி. நேற்றே போனேன். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் ஆளைப் பார்க்கும் முன் வெளியேறும் இரண்டாவது வழியைப் பார் என்று உனக்கு ஆறு வயதில் சொன்னேன், நினைவிருக்கிறதா? பார்த்தேன். அவசரக் கதவில் பூட்டு. அதற்கு முன்னால் இடுப்புயரத்துக்குப் பாடப்புத்தகக் கட்டுகள், அத்தனையும் தீப் பாதுகாப்புப் பாடம்! சாவி எங்கே என்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண், அது மேனேஜர்கிட்ட இருக்கு, அவர் லீவு என்றாள். இந்தப் பட்டத்தைப் பதவி உயர்வுக்கு என் மகளின் துறை ஏற்குமா என்றேன். உலகம் பூரா ஏத்துக்குவாங்க அங்கிள் என்றாள். உலகம் கிடக்கட்டும் தாயே, துறை ஏற்கும் என்று எழுதிக் கொடு என்றேன். டீ சாப்பிடுறீங்களா என்று கேட்டாள்.

பிறகு நான் செய்ததை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. நம் வீட்டில் தொப்பி என்போமே, பட்டம் வாங்கி நேராக அதிகாரியாக வந்தவர், அவர் வீட்டுக்குப் போனேன். பஞ்சுக் கிடங்குத் தீயில் கூரை இறங்கப்போகிறது, ஆட்களை வெளியே கூப்பிடுங்கள் என்று பம்ப் பக்கத்தில் நின்று நான் கத்தியபோது, நீ வண்டிய மட்டும் பாருய்யா என்றாரே, அதே ஆள். அன்றைக்குத்தான் கூரை விழுந்து, உள்ளே குழாய் பிடித்திருந்த சித்தப்பாவின் கால் போனது. பன்னிரண்டு வருஷமாக அந்த முகத்தில் நான் விழிக்கவில்லை. சித்தப்பாதான் விடவில்லை, கால் போனது எனக்கு, கோபம் மட்டும் உனக்கா, போய்க் கேளுண்ணே என்றான். தொப்பி இப்போது அரசுக் கல்லூரியில் இதே பட்டத்துக்குப் பாடம் நடத்துகிறார், சனிக்கிழமைகளில், கணினி வழியாக. கட்டணம் நீ கட்டவிருந்ததில் மூன்றில் ஒரு பங்கு. உன் பயிற்சிச் சான்றிதழைக் காட்டினால் ஒரு வருஷப் படிப்பைக் கழிப்பார்களாம். உன் துறையின் அங்கீகாரப் பட்டியலில் அந்தக் கல்லூரி இருப்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். கிளம்பும்போது, அந்தக் கிடங்கைத்தான் முதல் வகுப்புல சொல்றேன், கேக்காத ஆபீசர் நான்தான்னும் சொல்லிடறேன் என்றார். நான் மன்னிக்கவில்லை. கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடாமல் வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஒரு காசும் கட்டாதே. பதினெட்டாம் தேதிக்குள் அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அந்த ஆளிடமே படி. முதல் வகுப்பில் கிடங்கைச் சொல்லாமல் நழுவினால், யாருடைய கால் சார் என்று எல்லோர் முன்னாலும் கேள். அதிகாரியாகி நல்லபடியாக இரு. பம்ப் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினால் மட்டும் திரும்பிப் பாரம்மா.

கோபம் தீராத உன் அப்பா,
பம்ப் ஓட்டுநர் (ஓய்வு)