கல்லாவுக்கு மேலே உங்கள் படம்

என் அருமை அப்பா,

கோபத்தில் எழுதுகிறேன். நீங்கள் இருந்திருந்தால், "எஸ்தரு, வாய அடக்குமா" என்று ஒரே வார்த்தையில் நிறுத்தியிருப்பீர்கள். இப்போது என்னை அடக்க ஆள் இல்லை. நாலு பேர் காதில் விழட்டும் என்றே எழுதுகிறேன்.

நீங்கள் இப்போது பெரிய ஆள், தெரியுமா? உங்கள் முதலாளியின் பட்டுக்கடையில் கல்லாவுக்கு மேலே உங்கள் படம் தொங்குகிறது. தேக்குச் சட்டம், சந்தன மாலை, பட்டப்பகலிலும் எரிகிற ஒரு குட்டி பல்பு. கீழே 'உண்மையுள்ள ஊழியக்காரர்' என்று தங்க எழுத்து. உயிரோடு இருந்தபோது உட்கார ஒரு ஸ்டூல் போடாத மகராசன், செத்த பிறகு உங்களை உச்சியில் ஏற்றி வைத்திருக்கிறார்.

உங்கள் முதல் வருஷ நினைவு ஆராதனையில் ஆரம்பித்தது இந்தக் கூத்து. முதலாளி சபைப் பொருளாளர் அல்லவா, மைக் தானாக அவர் கைக்குப் போய்விடும். "நேர்மைன்னா இன்னான்னு எனக்குக் கத்துக்குடுத்த சகோதரர்" என்று கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். பாஸ்டரம்மா விசும்பினார். அம்மா உருகிப்போய், அவர் கேட்டதும் பீரோவைத் திறந்து உங்கள் போட்டோவைக் கொடுத்துவிட்டாள்.

அந்த நேர்மைக்கு அவர் என்ன பரிசு கொடுத்தார் என்று அம்மாவுக்கு மறந்துவிட்டதா? கைத்தறிப் பட்டு கேட்டு வந்த ஒரு பெண்ணிடம், "இது பவர்லூமுமா, இந்த வெலைக்கு வாணாம்" என்று சொன்னீர்கள். மறுநாளே மெத்தையில் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டிய உங்களை வாசலுக்குத் துரத்தினார். கதவைத் திறப்பதும் கும்பிடு போடுவதும்தான் கடைசிவரை உங்கள் வேலை. கால் வீங்கி வந்து, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, அந்த ஆளுக்கும் சேர்த்து ஜெபம் பண்ணுவீர்கள். எப்படி அப்பா முடிந்தது? எனக்கு இன்றைக்கும் அந்த ஜெபத்துக்கு ஆமென் வராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் தாமல் கிராமத்திலிருந்து ஓர் அம்மா என் தையல் கடைக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம், முகூர்த்தப் புடவைக்கு ரவிக்கை தைக்க வேண்டும். புடவையைத் தொட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, விசைத்தறி. இந்த ஊரில் இத்தனை வருஷம் ரவிக்கை தைக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா?

"கைத்தறின்னு சொன்னாங்களாமா?" என்று கேட்டேன்.

"நான் நம்பலமா மொதல்ல. அந்தக் கடைப் பையன் கல்லாவுக்கு மேல இருக்கற போட்டோவக் காட்டினான். 'இவரு எங்கப்பாமா. இந்தக் கடையில பொய்யே சொல்லாத மனுஷன். அவரு மேல சத்தியம், கைத்தறி தான்'னான். பெத்த அப்பன் மேல யாராச்சும் பொய்ச் சத்தியம் பண்ணுவாங்களா? அந்த அய்யாவக் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கினு வந்தேன்."

கேட்டீர்களா அப்பா? உங்கள் மகன் அருள்தான் அந்தப் பையன். உங்கள் மூக்கு, உங்கள் நெற்றி, வாய் மட்டும் முதலாளியுடையது. அந்த அம்மாவிடம், புடவை விசைத்தறி என்றோ, படத்தில் இருப்பவர் எனக்கும் அப்பா என்றோ நான் சொல்லவில்லை. அளவெடுத்து அனுப்பிவிட்டேன்.

ராத்திரி சோற்றுத் தட்டின் முன்னால் கேட்டேன். கொஞ்சமாவது தலை குனிவான் என்று பார்த்தால், "எல்லாக் கடையிலயும் தான் விக்கறாங்க. நான் ஒருத்தன் யோக்கியனா இருந்து இன்னாக்கா ஆவப்போவுது? அப்பாவுக்கு இன்னா ஆச்சு, பாத்த இல்ல?" என்று ரசம் ஊற்றிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கிறவன் இவன். என்ன ராகம், என்ன உருக்கம்!

மறுநாள் கடைக்கே போனேன். முதலாளி என்னைப் பார்த்ததும், "வாம்மா எஸ்தரு, பாத்தியா அப்பாவ எப்படி வெச்சிருக்கேன்" என்று பல்லைக் காட்டினார்.

"படத்த எறக்குங்க. அதக் காட்டித்தான் பவர்லூம விக்கறீங்க."

"சத்தம் போடாதம்மா. இது என் கடை இல்ல, கர்த்தரோட கடை. நான் சும்மா மேற்பார்வை தான்."

"அப்படியா? பில்லு யாரு பேர்ல போடறீங்க?"

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எண்ணெய் வழிகிற அந்தப் பரிசுத்தம் ஒரே நொடியில் வடிந்துவிட்டது. "அருளு, உங்கக்காவக் கூட்டிக்கினு போ. இல்லன்னா நீயும் அப்படியே வூட்டுக்குப் போயிடு" என்றார்.

அருள் அசையவில்லை. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். மாலையும் பல்பும் அங்கேயே கிடக்கட்டும் என்று உங்களை மட்டும் கழற்றிக்கொண்டு இறங்கினேன்.

மெத்தையில் ஒரு குடும்பம் புடவை பார்த்துக்கொண்டிருந்தது. கோயிலுக்கு வந்தவர்கள். அதில் ஒரு பெண், "தம்பி, நெஜமாவே கைத்தறியா?" என்று கேட்டார். உங்கள் மகன் என்னைப் பார்த்தான். என் கையில் உங்களையும் பார்த்தான். "கைத்தறி தாம்மா" என்றான். படம் இல்லாமலே பொய் வந்துவிட்டது, அப்பா. கொஞ்சமும் தடுமாறவில்லை.

"பவர்லூமுமா. இவன் என் தம்பி, சொல்றேன் கேளுங்க" என்றேன்.

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். "நீ எந்தக் கடை ஆளும்மா? கஸ்டமருக்கு உங்க கடைல எவ்ளோ தள்ளுபடி?" என்றார். புடவையை மடித்துத் தரச் சொல்லிவிட்டார். இந்த ஊரில் உண்மை சொன்னால் பக்கத்துக் கடைத் தரகர் என்றுதான் அர்த்தம் போலிருக்கிறது. முதலாளி கல்லாவில் உட்கார்ந்து 'ஸ்தோத்திரம்' என்றார்.

இப்போது நீங்கள் என் தையல் கடையில், ஒரு துணியில் சுற்றி, அலமாரிக்குள் இருக்கிறீர்கள். எங்கேயும் மாட்டப் போவதில்லை. வீட்டில் மாட்டினால் அருள் உங்கள் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவான், எனக்குத்தான் சோறு இறங்காது.

நாளைக்குத் தாமல் அம்மா ரவிக்கை வாங்க வருகிறார். புடவை விசைத்தறி என்று சொல்வேன். சத்தியம் பண்ணினவன் என் தம்பி, படத்தில் இருந்தவர் என் அப்பா என்றும் சொல்வேன். புடவையைத் திருப்பிக் கொடுக்க அவரோடு கடைக்குப் போய் நிற்பேன். அருளின் வேலை போனால் போகட்டும். அந்த அம்மா உங்களைக் கண்டபடி திட்டுவார். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் அப்பா, இது சத்தியம். சொன்னால், நானும் உங்கள் படத்தைக் காட்டுகிறவள் ஆகிவிடுவேன்.

வாயை அடக்கத் தெரியாத உங்கள் மகள்,
எஸ்தர்