வாசற்படி இரும்புப் பட்டை

அண்ணி,

இன்று காலை வாசல் பெருக்கும்போது, படிக்குப் பக்கத்தில் நட்டிருக்கும் அந்த இரும்புப் பட்டையில் ஈரச் செம்மண் அப்பியிருந்தது. துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு உங்களை நினைத்துக்கொண்டு நின்றேன்.

குன்றில் இருந்த சுரங்கத்தின் வெள்ளைக்கார மேனேஜர் தன் பூட்ஸ் மண்ணைச் சுரண்ட வைத்த பட்டை. சுரங்கம் மூடி எத்தனையோ வருஷம் கழித்து, எமர்ஜென்சி முடிந்த சமயத்தில் அண்ணன் அவருடைய இந்தப் பங்களாவை வாங்கி, திருவண்ணாமலைக்கு வருகிறவர்களுக்கு அறை விட ஆரம்பித்தார். பட்டை காலை இடிக்கிறது, பெயர்த்துவிடலாம் என்றார். நீங்கள் விடவில்லை. "இருக்கட்டுங்க. கொரைக்காத நாய் ஒண்ணு வாசல்ல கெடக்குதுன்னு நெனைச்சுக்கோங்க."

உங்களுக்கு எல்லார் மேலும் சந்தேகம். சீக்கிரம் தூங்குகிறவர்கூடத் தப்ப முடியாது. நான் கிண்டல் செய்துகொண்டே இருப்பேன்.

ஓர் ஐப்பசி மழையில் அறை கேட்டு ஒருவர் வந்தார். நெற்றி நிறைய விபூதி. கிரிவலம் போக வந்ததாகச் சொன்னார். நீங்கள் என்னைச் சமையலறைக்குள் இழுத்தீர்கள்.

"கிரிவலம் போறவரு வெறுங்கால்ல போவாரு. இவரு தெனம் ஷூ மண்ணச் சொரண்டிட்டு உள்ள வராரு. அந்தப் பட்டை எதுக்குன்னு இவருக்கு யாரு சொன்னது? மண்ணப் பாரு. நம்ம கொல்லைச் செம்மண்ணு."

சுரங்கக் குன்றின் அடிவாரத்தில்தான் உங்கள் அம்மா கொடுத்த நிலக்கடலைக் கொல்லை, உங்கள் பேச்சில் மல்லாட்டைக் கொல்லை. அதைத் தவிர உங்கள் பெயரில் வேறொன்றும் இல்லை. நீங்கள் காபியை அவர் கையில் கொடுத்துவிட்டு நேராகவே கேட்டீர்கள்.

"சுரங்கத்தத் திரும்பத் தொறக்கப் போறீங்களா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "தொறந்தா ஊருக்கு வேலை ஜாஸ்தி கெடைக்கும்மா."

"எங்களுக்கு நெலம் கம்மியாயிடுமே. மல்லாட்டைய எங்க போடுறது, உங்க தலையிலயா?"

மறுநாள் அவர் அறையைக் காலி செய்தார். உங்கள் சந்தேகம் மட்டும் காலி செய்யவே இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசியபோதும், "பட்டையப் பாத்தியா?" என்றுதான் கேட்டீர்கள். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இப்போது யார் வந்தாலும் முகத்தைப் பார்க்கும் முன் அவர்கள் காலைத்தான் பார்க்கிறேன்.

சற்று முன், கிரிவலத்துக்கென்று வந்து தங்கியிருக்கும் மாடி அறைக்காரர் காபிக்கு இறங்கி வந்தார். கிரிவலம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "ரொம்பத் திருப்திங்க" என்றார்.

"நாளைக்கு எங்க கொல்லையில வெதைப்பு. நீங்களும் வாங்க. ஷூவோடயே வாங்க, அந்த மண்ணு உங்களுக்குப் பழக்கந்தானே."

டம்ளர் அவர் உதட்டுக்குப் போகாமல் பாதியில் நின்றது. பட்டையை நான் இன்னும் கழுவவில்லை, அண்ணி.