பஜெரோவா, லாண்ட் குரூசரா, நாலு தேசிக்காயா

கிரின்ஸ்டெட், டென்மார்க்
ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மகள் சாருஜாவுக்கு,

நானும் அம்மாவும் நல்ல சுகம். உன் சுகத்தையும், நீ அளந்து திரிகிற ஐஸ்லாந்து ஆறுகள் இந்தக் கிழமையாவது அடக்கமாக ஓடுகின்றனவா என்பதையும் அறிய ஆவலாக இருக்கிறோம். இதையெல்லாம் ஃபோனில் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். ஃபோனில் நான் இரண்டாவது விடயத்துக்கு வருவதற்குள் அம்மா அதை என் கையிலிருந்து வாங்கிவிடுவா, பிறகு நான் சொல்ல வந்ததை அவ சொல்லுவா, அதுவும் வேறு விதமாக. அதனால்தான் கையால் எழுதி, ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து உனக்கு அனுப்புகிறேன். பக்கங்கள் முறை மாறி வந்தால் பயப்படாதே, வலது மேல் மூலையில் இலக்கம் போட்டிருக்கிறேன். எழுத்தும் உனக்காகப் பெரிதாகவே எழுதுகிறேன். நடுவில் நானே குழம்பிவிடாமல் இருக்க ஒழுங்கை முதலில் தருகிறேன்:

1. எங்கள் சுகம் (சுருக்கமாக)
2. இரண்டு வாகனங்களையும் நான் பரிசோதித்த விதம்
3. அம்மா செய்த காரியம் (நிதானமாக எழுத முயற்சிப்பேன்)
4. மூச்சுக்குழாய் பற்றிய என் கருத்து (முக்கியம்)
5. என் முடிவு, அப்படி ஒன்று இருந்தால்

முதலாவது. என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் தன்னை ஞாபகப்படுத்துகிறது, இந்த ஊரில் படி குறைவு என்பதால் பிரச்சினை இல்லை. அம்மாவுக்கு பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆனால் நீ போனதிலிருந்து அவ இங்கத்தைய வானிலையைப் பார்ப்பதில்லை, உங்கட வானிலையைத்தான் பார்க்கிறா. அங்கே காற்று என்று போட்டால் இங்கே யன்னலைச் சாத்துகிறா. நேற்று நல்ல வெயிலடிக்க எனக்குக் கம்பளித் தொப்பி எடுத்துத் தந்தா, நானும் போட்டுக்கொண்டுதான் போனேன்.

இரண்டாவது. போன கிழமை நீ டேனிஷில், அப்பா இரண்டு வாகனத்தில் நீங்களே ஒன்றைத் தெரிவு செய்யுங்கோ, நான் உங்களை நம்புறன் என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டாய். அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பகுதியில் வேலை செய்தபோதுகூட என் முடிவுக்கு மேலே இன்னொருவர் கையெழுத்துப் போடுவார். இங்கே எனக்கு மேலே ஒருவரும் இல்லை, அம்மாவைத் தவிர. நீ கிழமை நாளில் பனிக்குள் வேலைக்கும் கடைக்கும் போய்வர வேண்டும், லீவு நாளில் பாலமே இல்லாத மலைப்பக்கம் ஆற்றைக் கடந்து போக வேண்டும், இரண்டுக்கும் ஒரே வாகனம், அதுவும் டீசல். நான் ஒன்றைப் பிழையாகச் சொல்லி, நீ தனிய ஒரு ஆற்றுக்கு நடுவில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என் தலைக்குள் சுற்றுகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பஜெரோ ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கும் அந்தோனிதாசனுடையது என்று உனக்குத் தெரியும். பூசைக்குப் போய்வருவதற்கென்றே வாங்கிய வாகனம் என்று சொல்லலாம். சீற்றுகளின் பிளாஸ்டிக் உறை இன்னும் கழட்டவில்லை, இருக்கும்போது சரசரவென்று சத்தம் கேட்கிறது. நாலு சக்கர ஓட்டத்துக்கு மாற்றுகிற கட்டைக்கு அவர் மனைவி கிளோறியா நூலால் தொப்பி பின்னிப் போட்டிருக்கிறா. அதைக் கழட்டி ஒருக்கால் போட்டுப் பார்க்கலாமோ என்று கேட்டேன். அந்தோனிதாசன் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, அண்ணை, அதை இண்டைவரைக்கும் நான் தொட்டதில்லை, நல்லாத்தானே ஓடுது, ஏன் சும்மா கிடக்கிறதைக் கிண்டுவான் என்றார். பக்கத்தில் ஒரு கல்லுப் பாதை இருந்தது, அதில் கொஞ்சத் தூரம் போகலாமா என்றேன். கல்லுத் தெறிச்சு பெயின்ற் போனால் ஆர் பொறுப்பு என்றார். கடைசியில் ஒரு கடையின் மாடிப் பார்க்கிங்கில் ஏறி இறங்கினோம். இந்த நாட்டில் ஏற்றம் ஒன்றைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உன்னுடைய வாகனத்துக்காக அலைந்தபோதுதான் எனக்கு விளங்கியது. மலை என்று பெயர்ப்பலகை போட்ட இடத்திலும் நான் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டி வந்ததில்லை. ஆனாலும் பஜெரோ தார் ரோட்டில் மிக மெதுமையாக ஓடுகிறது. ஊருக்குள் இரண்டு சக்கரத்தில் போய், தேவைப்படும்போது மட்டும் நாலுக்கு மாற்றலாம். அளவோடு வாழுகிற குணம், எனக்குப் பிடித்தது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஊரில் இதுக்குள்ள மந்திரிமார்தானே போனவை, இதைக் கண்டால் எனக்கு இப்பவும் வேலிக்கரையில ஒதுங்கி நிக்கோணும் போல கிடக்கு என்றா. அதற்கு அந்தோனிதாசன், அக்கா, இனி நீங்கள் உள்ளுக்கு இருங்கோ, மற்றவை ஒதுங்கட்டும் என்றார். புறப்படும்போது, பிள்ளையைக் கேட்டுச் சொல்லுறன் என்று மட்டும்தான் நான் சொன்னேன். அவர் அதை விற்றுமுடிந்த கணக்காக எடுத்து, வாற சனிக்கிழமை எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். கிளோறியா ரோல்ஸ் பொரிக்கப்போகிறாவாம்.

லாண்ட் குரூசர் எங்கள் ஊருக்கு வெளியே, காட்டோரம் இருக்கும் ஹென்னிங் என்ற டேனிஷ்காரருடையது. வனத்துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், சேறு அவருடைய வாகனத்தின் நிறத்தில் ஒரு பகுதி. இதில் நாலு சக்கரமும் எப்போதும் சேர்ந்தேதான் சுற்றும், ஒன்று சும்மா இருந்து மற்றதை வேலை செய்ய விடுவதில்லை. பின்பக்கம் கொஞ்சம் குலுக்கும், அம்மாவின் பக்கம் கூடுதலாகக் குலுக்கியது. முன்கண்ணாடியின் ஓரமாகக் கூரைவரை ஒரு கறுப்புக் குழாய் போகிறது, அதுதான் மூச்சுக்குழாய், ஆழமான தண்ணீரில் போகும்போது எஞ்சின் அதனூடாக மேலே இருந்து காற்றை இழுக்குமாம். அதைப்பற்றி நாலாவதில்.

மூன்றாவது. நான் நிதானமாகத்தான் இருக்கிறேன். ஹென்னிங் திறப்பை என் கையில் தந்து, காட்டுப் பாதையில் நீங்களே ஓட்டிப் பாருங்கள் என்றார். மழை பெய்து பாதையின் நடுவில் குளம் போலத் தண்ணீர் நின்றது. நான் ஏறாமல் வாகனத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததை அம்மா கண்டுவிட்டா. கண்டவ கைப்பையைத் திறந்து நாலு தேசிக்காய் எடுத்து நாலு சக்கரத்துக்கும் கீழே வைத்தா. பின்னால் மாட்டியிருந்த உதிரிச் சக்கரத்துக்குத் தேசிக்காய் போதாமல் திருநீறு பூசினா. இது எங்கட வாகனம் இல்லையே ஞானேஸ், சும்மா பார்க்கத்தானே வந்தனாங்கள் என்று காதுக்குள் சொன்னேன். ஓட்டப்போறது நீங்கள்தானே, அப்ப எனக்கு இது தேவை, பேசாமல் ஏறுங்கோ என்றா. ஹென்னிங் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருந்துவிட்டு இது என்ன என்று கேட்டார். நான் படித்தவன் அல்லவா, சரியாக விளங்கப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன். ஒரு வாகனம் குடும்பத்துக்குள் வந்து முதல்முதல் புறப்படும்போது நாங்கள் இப்படிச் செய்வோம், தடை எல்லாம் நசிந்து போக வேண்டும் என்பது நம்பிக்கை என்று நல்ல டேனிஷில், ஒரு பிழையும் இல்லாமல் சொன்னேன். அதுதான் நான் விட்ட பிழை. நான் தண்ணீருக்குள்ளால் போய்த் திரும்பி வந்து (கண்ணைத் திறந்துகொண்டுதான் ஓட்டினேன், அம்மா வேறு மாதிரிச் சொன்னால் நம்பாதே) இறங்கினபோது ஹென்னிங் கண் கலங்க நின்றார். எத்தனையோ பேர் வந்து சில்லை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனவர்கள், ஒருவரும் இதற்கு மரியாதை செய்யவில்லை, இது போகவேண்டிய இடம் உங்கள் குடும்பம்தான் என்று சொல்லி, என் கையைப் பிடித்துக் குலுக்கி, எனக்கு முன்னாலேயே, விற்பனைக்கு என்று போட்டிருந்த விளம்பரத்தை ஃபோனில் அழித்துவிட்டார். மனைவியைக் கூப்பிட, அவர் கோப்பியும் கேக்கும் கொண்டுவந்து மேசை நடுவில் பிறந்தநாளுக்கு வைப்பது போலச் சின்ன டேனிஷ் கொடி ஒன்றை வைத்தார். கொடி வைத்த பிறகு இல்லை என்று எப்படிச் சொல்லுவது? நான் இரண்டாவது துண்டு கேக்கையும் சாப்பிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவிடம் கேட்டேன், இப்ப என்ன செய்யிறது என்று. தேசிக்காய் நசிஞ்சாச்சு, இனி அது எங்கட என்றா. அந்தோனிதாசனுக்கு என்ன சொல்லுறது என்றேன். அதுக்குத்தானே நீங்கள் இருக்கிறியள் என்றா. ஆக இந்தக் கடிதம் எழுதும் நேரத்தில் உனக்கு இரண்டு வாகனங்கள் இருக்கின்றன, ஒன்றில் ரோல்ஸ் வாசமும் மற்றதில் தேசிக்காய் வாசமும் வருகிறது.

நாலாவது, இதைக் கவனமாக வாசி. குலுக்கல், மெதுமை எல்லாம் சின்ன விடயம். எனக்குப் பெரிய விடயம் மூச்சுக்குழாய்தான். எல்லோரும் அதை ஒரு பாதுகாப்பு என்கிறார்கள். நான் பல கோணத்தில் யோசித்துப் பார்த்தேன், அது ஒரு தூண்டுதல். குழாய் இல்லாத வாகனத்தில் ஆற்றங்கரைக்கு வருகிற மனுசி தண்ணீரைப் பார்ப்பா, யோசிப்பா, திரும்பிப் போய் வீட்டில் தேத்தண்ணி குடிப்பா. குழாய் உள்ள வாகனம் அப்படி இல்லை, இன்னும் கொஞ்சம் போகலாம், இன்னும் கொஞ்சம் போகலாம் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். ஆகவே ஆழத்துக்குப் போக முடியாத வாகனம்தான் உனக்குப் பாதுகாப்பான வாகனம். இதில் ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை. பொதுவாக எனக்குத் தெரியாமல்தான் இருக்கும், என்றாலும் எழுதுகிறேன்.

ஐந்தாவது. எனவே என் முடிவு பஜெரோ. ஹென்னிங்கிடம் இதை எப்படிச் சொல்லுவது என்று எனக்குத் தெரியாது, அந்தக் கொடி கண்ணுக்குள் நிற்கிறது. நீ வெள்ளிக்கிழமை பில்லுண்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியதும் உன்னோடு சேர்ந்து போய்ச் சொல்லலாமா? நீ சொன்னால் அவர் கோவிக்க மாட்டார். நான் பக்கத்தில் நிற்பேன். அதன் பிறகு நீ வாகனத்தோடு ஹியர்ட்ஸ்ஹால்ஸ் போய் ஐஸ்லாந்துக்குக் கப்பல் ஏறலாம், துறைமுகம்வரை நாங்களும் வருவோம், அம்மா இப்பவே புட்டுக்கு மா வறுத்து வைத்துவிட்டா.

வேறு விசேடம் இல்லை. எந்த ஆற்றுக்குள் இறங்குவதானாலும் முதலில் ஒருவருக்குச் செய்தி அனுப்பிவிட்டு இறங்கு. அந்த ஒருவர் நானாக இருந்தால் நல்லது, ஆனால் நான் பதில் போடும்வரை காத்திருக்க வேண்டாம், நான் யோசித்துத்தான் போடுவேன். டீசலைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதே. குட்டித் தூரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் டீசல் எஞ்சினுக்குக் கூடாதாம், அதனால் இடைக்கிடை நீண்ட தூரம் ஓடு, ஆனால் அதிக தூரம் ஓடாதே. நாங்கள் கும்பிடும் பிள்ளையார் உன் நாலு சக்கரத்துக்கும் முன்னால் போகட்டும், உன் கையும் கண்ணும் எப்போதும் தெளிவாக இருக்கட்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
தேவராசா

பி.கு. பக்கங்களைப் படம் எடுக்க மேசையில் பரப்பி வைத்திருந்தேன், அம்மா வந்து நாலாவது விடயத்தை நின்றபடியே வாசித்துவிட்டு, கதிரையில் இருந்து சிரித்தா, கனநேரம் சிரித்தா. பிறகு கேட்டா, அவள் எந்தத் தண்ணியைக் கண்டு திரும்பி வந்தவள், சொல்லுங்கோ பாப்பம் என்று. நீ பாலர் பள்ளிக்குப் போன முதல் மாரியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழங்கால்வரை றப்பர் சப்பாத்து வாங்க, நான் மட்டும் உனக்குக் கணுக்கால் அளவில் வாங்கிக் கொடுத்தேனாம். கட்டைச் சப்பாத்து என்றால் பிள்ளை ஆழத் தண்ணிக்குள் இறங்காது என்று அம்மாவுக்கு விளக்கமும் சொன்னேனாம். எனக்கு அது மறந்துபோய்விட்டது, ஆனால் விளக்கத்தைக் கேட்டால் நான்தான். நீ மற்றப் பிள்ளைகள் இறங்கின அதே குளத்தில், அவர்கள் நின்ற அதே இடத்தில் போய் நின்றாயாம். அவர்கள் கால் காய்ந்து வீட்டுக்குப் போக, நீ இரண்டு சப்பாத்திலும் தண்ணீர் நிரம்ப, சளக் சளக்கென்று நடந்து வந்து காய்ச்சலில் படுத்தாயாம். அம்மா அடுத்த நாளே நெடிய சப்பாத்து வாங்கி வந்தாவாம்.

இதைக் கேட்ட பிறகு நான் கொஞ்ச நேரம் வெளியில் போய் நின்றேன், பிறகு உள்ளே வந்து, ஒருவரும் சொல்லாமலே, அந்தோனிதாசனுக்கு ஃபோன் எடுத்தேன். சொல்ல வேண்டியதைக் கடதாசித் துண்டில் எழுதி வைத்து வாசித்தேன். அவர் மெதுவாக, அண்ணை, உண்மையைச் சொல்லுறன், அந்த நாட்டுக் கல்லு ரோட்டில இதை ஓட விட எனக்கும் மனமில்லை, கிளோறியாதான் வில்லுங்கோ வில்லுங்கோ எண்டவ, பிள்ளை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுது எண்டு நான் அவவுக்குச் சொல்லுறன் என்றார். ஆகவே பழி உன்மேல்தான், மன்னித்துக்கொள். ரோல்ஸ் சாப்பிட மட்டும் நாங்கள் கட்டாயம் வரவேணுமாம்.

கடிதத்தைத் திருப்பி எழுதினால் மேலே போட்ட ஒழுங்கு குழம்பிவிடும், அதனால் எழுதினபடியே அனுப்புகிறேன். ஐந்தாவதில் பஜெரோ என்று இருக்கும் இடத்தில் லாண்ட் குரூசர் என்று வாசி. ஒன்று முதல் மூன்று வரை சரி. நாலாவது பிழை.