தலைவர் தனசேகரன் எடுத்துச் சென்ற மருத்துவ விளக்கு

அனுப்புநர்:
ச. புவனேஸ்வரி, எம்.ஏ.,
நெசவாளர், த/பெ சபாபதி,
செவிலிமேடு, காஞ்சிபுரம்.

பெறுநர்:
உதவி இயக்குநர் அவர்கள்,
கைத்தறித் துறை,
காஞ்சிபுரம்.

பொருள்: பாலாற்றங்கரைப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் திரு. தனசேகரன் என் மருத்துவ விளக்கைப் பறித்துச் சென்றது – மீட்டுத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி சங்கத்தின் உறுப்பினர். வீட்டுத் தறியில் நெய்கிறேன். சில ஆண்டுகளாக, அடைமழை தொடங்கியதும் எனக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. வீட்டில் சோம்பல் என்றார்கள். நானும் நம்பினேன். சென்ற ஆண்டு கார்த்திகையில் தறியில் உட்கார்ந்து, எந்த நிற நூலின் நாடாவை எறிவது என்று தெரியாமல் அழுதேன். மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார். இவ்வாண்டு மாத்திரையுடன், காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் முகத்தெதிரே வைத்து உட்கார ஒரு வெள்ளொளி விளக்குப் பெட்டியும் எழுதித் தந்தார். பலன் இருந்தது. நெய்தேன்.

2. ஐப்பசிக் கடைசியில் தறி பார்க்க வந்த தலைவர், ஜன்னல் வழியே அந்த வெளிச்சத்தைக் கண்டார். எங்கள் ஊரில் இப்போது அவ்வளவு வெளிச்சத்துக்கு ஒரே பொருள்தான்: செல்போனில் நேரலையாகச் சேலை விற்பது. சங்கத்துப் பட்டில் நெய்ததை வெளியில் விற்பது விதிமீறல். செருப்போடு உள்ளே வந்தார். "இன்னாம்மா, லைவ் போட்டுக்கினு இருக்கியா? சேலை எங்க?" என்றார். சேலை இல்லை. செல்போன் பக்கத்து அறையில் இருந்தது. சான்றுப் பொருள் என்று கூறி விளக்கைப் பிடுங்கிச் சென்றார்.

3. மருத்துவச் சீட்டுடன் சங்க அலுவலகம் சென்றேன். தலைவர் மாத்திரையின் பெயரை எல்லோர் முன்னிலையிலும் எழுத்துக்கூட்டி வாசித்தார். "மழை பேஞ்சா பைத்தியம் புடிக்குமா? அப்ப தவளைக்கெல்லாம் லைட்டு வாங்கிக் குடுக்கணும்பா" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். "பைத்தியத்துக் கையில பட்டு குடுத்தா நாளைக்கு நான்தான் பதில் சொல்லணும்" என்று, நெய்ய வேண்டிய பட்டுப் பாவு நூலையும் தர மறுத்தார். திருடி இல்லை என்று நிரூபித்ததும் பைத்தியமானேன். தண்டனை மட்டும் மாறவில்லை.

4. சென்ற ஞாயிறு, தலைவரின் மகன் திரு. விக்ரம் தம் கடையிலிருந்து நேரலையில் சேலை விற்றார். பின்னாலிருந்த நிலைக்கண்ணாடியில் என் விளக்குப் பெட்டி தெரிந்தது, மூலையில் நான் ஒட்டிய பச்சை டேப்புடன். அரக்கு நிறம் அந்த வெளிச்சத்தில் எடுப்பாக இருந்தது. பதிவை இணைத்துள்ளேன்.

5. மாத்திரையை நான் விடவில்லை. அது மட்டும் போதவில்லை. காலையில் எழ முடிவதில்லை. இம்மனுவின் ஒவ்வொரு பத்தியும் ஒவ்வொரு நாள் எழுதப்பட்டது.

தலைவரின் மன்னிப்பு எனக்கு வேண்டாம். அதை அவரே வைத்துக்கொள்ளட்டும். பாவு தர உத்தரவிடுங்கள். அவர்மீது விசாரணை அதன் வேகத்தில் நடக்கட்டும். விளக்கு இந்த வாரமே வர வேண்டும். தையில் வெயில் வந்துவிடும். அப்போது அதைக் கொடுத்துவிட்டு, கோரிக்கை நிறைவேறியதாக எனக்குப் பதில் எழுத வேண்டாம். நான் மார்கழியைக் கடக்க வேண்டும், ஐயா.

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 04.12.2025

இப்படிக்கு,
ச. புவனேஸ்வரி

இணைப்பு: மருத்துவச் சீட்டு நகல், நேரலைப் பதிவு.