ஒன்பது மாடிக்கு இருபத்துநாலு நிமிடம்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மூவரும் ஓரளவு நலம். முழு நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அங்கே நீயும் ஓரளவாவது நலமாக இருப்பாய் என்று எண்ணிக்கொள்கிறேன்.

காகிதத்தில் எழுதுகிறேனே என்று வியக்காதே. மின்னஞ்சல் அனுப்பினால் ஒரு வரியில் முடித்துவிடுகிறாய். தொலைபேசியில் இந்தப் பேச்சை எடுத்தாலே அங்கே யாரோ உன்னைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது. மடித்து வைக்கலாம், அவ்வளவுதான்.

அம்மாவுக்குக் கண் அறுவை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. சொட்டு மருந்து விட நான் போனால் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். உன் அத்தான் போனால் திறக்கிறாள். "மாப்பிள்ளை கை நிதானம். உனக்கு எல்லாத்துலயும் அவசரம்" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்கிறாள். எனக்கு இந்தப் பருவத்தில் இரண்டு வகுப்புகளுக்குப் புள்ளியியல். எண்பது பேரில் ஐந்து பேர் கேட்கிறார்கள். அந்த ஐந்து பேருக்காகப் பாடம் எடுக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ செய்த கணினி விளையாட்டு 'ஒன்பது மாடி'யை விற்கும் இணையக் கடையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. இரண்டாவது தொடர்பு முகவரியாக என்னுடையதைக் கொடுத்திருந்தாய் போலிருக்கிறது, அதனால் எனக்கும் வந்தது. பத்து வருடத்துக்கு மேல் கை வைக்காத விளையாட்டுகளை எல்லாம் ஜூன் முப்பதோடு எடுத்துவிடுவார்களாம். உரிமையாளர் உள்ளே போய்ப் புதிய பதிப்பு ஒன்றை ஏற்றினால் விட்டுவிடுவார்களாம். உனக்கும் இந்தக் கடிதம் வந்திருக்கும். படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பதினான்கு வருடமாக ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் அந்தக் கட்டடத்தில் ஏறி இறங்குகிறேன். மீட்டர் கணக்கெடுப்பவனாக ஒன்பது மாடி ஏற வேண்டும், முப்பத்தாறு மீட்டர் பார்க்க வேண்டும், குறிக்க வேண்டும், இறங்க வேண்டும். எதிரி இல்லை, துப்பாக்கி இல்லை, பரிசு இல்லை. லிஃப்டும் வேலை செய்யாது. ஆனால் கையிலிருக்கும் பதிவேட்டில் நான்காம் மாடி மூலை வீட்டு மீட்டர் ஐந்து மாதமாக அசையாமல் நிற்பதைப் பார்க்கும்போது அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. மூன்றாம் மாடித் தையல்காரி வீட்டில் மாதாமாதம் ஓடும் யூனிட் குறைந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு இயந்திரமாக விற்கிறாள் என்று விளையாட்டு எங்கேயும் சொல்வதில்லை. எண்கள்தான் சொல்கின்றன. நான் நடக்க நடக்க, ஒவ்வொரு கதவைக் கடக்கும்போதும் உள்ளே பேசுவது அரைகுறையாகக் காதில் விழுகிறது. சரியாக நான் மீட்டருக்கு முன்னால் வந்து நிற்கும்போது அந்தப் பேச்சின் கடைசிச் சொல் முடிகிறது. எண்ணைக் குறிக்கக் கை தயங்குகிறது. இதை யார் செய்தாலும் பாராட்டியிருப்பேன். நீ செய்ததால் பாராட்டவில்லை. நம் வீட்டுப் பழக்கம் அது.

உன் விளையாட்டோடு இது நிற்கவில்லை. ஒற்றை நட்சத்திர மதிப்பீடு பெற்ற விளையாட்டுகளைத் தேடித் தேடி வாங்கும் புத்தி எனக்கு வந்துவிட்டது. மொட்டை மாடியில் துணி காயப்போடுவது மட்டுமே ஒன்று. பழைய படகு ஒன்றுக்கு வர்ணம் அடிப்பது இன்னொன்று, அந்தப் படகு கடைசிவரை தண்ணீரில் இறங்குவதே இல்லை. கல்லூரி விட்டு வந்து முகம் கழுவி அரை மணி நேரம் உட்கார்ந்தால், "தோத்தாங்கோளி சங்கத் தலைவி வந்தாச்சு" என்கிறார் உன் அத்தான். எல்லாரும் கைவிட்ட ஒன்றில் எத்தனை பேர் உழைப்பு கிடக்கிறது என்று பார்ப்பதில் எனக்கு ஒரு பிடிவாதம். மோசமானவையும் உண்டு. நிறையவே உண்டு. உன்னுடையது மோசமானதல்ல. நான் சும்மா சொல்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

ஆகவே உள்ளே போய், எதையாவது மாற்றி, மறுபடி ஏற்று. ஒரு மாலை வேலைதான்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் கிடைத்தது. காகிதம் என்றால் நீளமாக எழுதுவாய் என்று நம்பினேன். ஆறு வரி.

"போகட்டும்க்கா. இருநூத்திப் பதினாலு பேர் வாங்கினாங்க. பாதிப்பேர் ரெண்டாவது மாடிகூடத் தாண்டல. ஆமைக்கு அண்ணன்னு எழுதினாங்க. வராந்தா பூரா வெறிச்சோடிக் கிடக்குன்னு எழுதினாங்க. அவங்க சொன்னது சரிதான். நீ சொல்ற அந்த நடையும் பேச்சும் அதுல இல்ல, பாசத்துல இல்லாததையெல்லாம் பாக்குற" என்று எழுதியிருக்கிறாய்.

பாசத்தில் இல்லாததைப் பார்க்கிறேனாம். நானா? நீ நான்காம் வகுப்பில் வரைந்த குதிரையை மாடு என்று எல்லார் முன்னாலும் சொன்னவள் நான். இந்த ஒரு வரிதான் என்னை விடவில்லை. செய்தவனே இல்லை என்கிறான், மாதாமாதம் பார்க்கிறவள் இருக்கிறது என்கிறாள். இரண்டு பேரில் ஒருவர் அளந்தது தப்பாக இருக்க வேண்டும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

போன மாதக் கடைசியில் என் மடிக்கணினியில் இடதுபக்க ஷிஃப்ட் பட்டன் உடைந்து கையோடு வந்துவிட்டது. அதோடு ஏப்ரல் முதல் தேதி கட்டடத்துக்குப் போனேன். ஆள் நகரவே இல்லை. நகர்ந்தான், ஆனால் காலில் கல்லைக் கட்டிக்கொண்டவன் மாதிரி. முதல் கதவைத் தாண்டுவதற்குள் உள்ளே பேசுகிறவர்கள் பேசி முடித்து அடங்கிவிட்டார்கள். அதன்பிறகு வெறும் வராந்தா, வெறும் சுவர். இரண்டாம் மாடியில் எழுந்துவிட்டேன். கணினிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தேன்.

கடைத்தெருவில் கணினி பழுது பார்க்கும் அம்மாளிடம் கொண்டுபோனேன். ஆள் வேகமாக நடக்கவில்லை என்று முறையிட்டேன். வேறொரு விசைப்பலகையை இணைத்து, "எங்கே, நீங்க எப்பவும் விளையாடுற மாதிரி விளையாடிக் காட்டுங்க" என்றார். அருகில் ஆள் இருந்தால் எனக்குக் கை வராது. இருந்தாலும் செய்தேன். ஆள் பழையபடி அழகாக நடந்தான். அந்த அம்மாள் திரையைப் பார்க்கவில்லை, என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டீச்சர், டைப்ரைட்டிங் படிச்சிருக்கீங்களா? சுண்டுவிரல் ஷிஃப்ட்டு மேலயே படுத்துத் தூங்குதே. அதை எடுங்க பாப்போம்" என்றார். எடுத்தேன். ஆள் ஊர்ந்தான். வைத்தேன். நடந்தான்.

தம்பி, ஷிஃப்ட் உன் விளையாட்டில் ஓடுவதற்கான பட்டன், இல்லையா?

வீட்டுக்கு வந்து பழைய மின்னஞ்சல்களைத் தோண்டினேன். வெளியிடுவதற்கு முன்னால் என்னிடம்தானே சோதிக்கக் கொடுத்தாய். நான் தனியாக உட்கார்ந்து விளையாடி நாற்பத்துமூன்று குறைகள் எழுதி அனுப்பியிருக்கிறேன். ஏழாவது குறை: "ஆள் ஓடுகிறான். மீட்டர் பார்க்க வருகிறவர் ஓடுவாரா?" நீ வேகத்தைக் குறைத்து அனுப்பினாய். "இன்னும் ஓடுகிறான்." மறுபடி குறைத்தாய். "இன்னும் கொஞ்சம்." மூன்றாம் முறை குறைத்தாய். முதல் திரையில் ஓட இந்தப் பட்டன் என்று ஒரு வரி இருந்தது. "ஓடவே கூடாது, அந்த வரி எதற்கு" என்று எழுதியிருக்கிறேன். வரியை எடுத்துவிட்டாய். பட்டனை எடுக்க மறந்துவிட்டாய். அன்றைக்கும் என் விரல் அதன் மேலேயே இருந்திருக்கிறது.

கணக்கு என் தொழில் என்பதால் கடிகாரம் வைத்து அளந்தேன். விரல் வைத்துப் பத்து முறை, விரல் எடுத்துப் பத்து முறை. வைத்தால் ஒன்பது மாடிக்கு இருபத்துநாலு நிமிடம். எடுத்தால் ஒரு மணி நேரம். இரண்டரை மடங்கு. இந்த மாதம் கிடைத்த விடுமுறை நாளெல்லாம் அதில் போனது. அத்தான் பிளாஸ்கில் தேநீர் வைத்துவிட்டுப் போனார்.

ஆக, நீ மனதில் வைத்துச் செய்த விளையாட்டை உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் விளையாடியிருக்கிறாள். மற்ற இருநூற்றுப் பதினாலு பேருக்கும் போய்ச் சேர்ந்தது என் சுண்டுவிரல் செய்த கோளாறு. அவர்கள் திட்டியது உன்னை அல்ல.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் அம்மாவுக்கு மருந்து விட்டு வந்தேன். இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டாள்.

'ஒன்பது மாடி'க்குப் பிறகு நீ வேறு விளையாட்டு எதுவும் செய்யவில்லை என்பதை நான் மறக்கவில்லை. இப்போது மருத்துவமனைகளுக்கு வரிசை எண் போடும் மென்பொருள் எழுதுகிறாயே, அது நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்ததாக ஒரு தொலைந்த பொருள் அலுவலகம் பற்றிச் செய்யப்போவதாக ஒரு முறை சொன்னாய். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாய். நான் முதலில் இது எப்படிப் போகிறதென்று பார்ப்போம் என்றேன். எப்படிப் போயிற்று என்று இருவருமே பார்த்தோம்.

இன்னும் எண்பது நாள் இருக்கிறது. கடவுச்சொல்லை எனக்கு அனுப்பு, அல்லது நீயே செய். இதில் மூன்றாவது வழி கிடையாது.

அக்கா


மே 20

அன்புள்ள தம்பிக்கு,

பதில் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசியபோது "அக்கா விரல் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாயாம். அம்மா பதறிப்போய் என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லையே, அவன் ஏன் சிரிச்சான்?" என்றாள். நீ சிரித்தாய் என்பதை ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு மேலே போகிறேன்.

நீ ஊரை விட்டுக் கிளம்பும்போது பரணில் போட்டுவிட்டுப் போன பெட்டியை இறக்கினேன். உன் பழைய வன்தட்டு அதில் இருந்தது. கணினி பழுது பார்க்கும் அந்த அம்மாள் இரண்டு நாள் போராடி அதற்கு உயிர் கொடுத்தார். விளையாட்டின் நிரல் முழுவதும் அப்படியே இருக்கிறது. எனக்கு நிரல் எழுத வராது. ஆனால் எண்ணைத் தேடத் தெரியும். நடையின் வேகம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் இரண்டு என்று இருந்தது. அதற்கு மேலே நீ உனக்காக எழுதி வைத்த குறிப்புகள் மூன்று.

"5 இருந்தது. அக்காவுக்கு வேகம். 4."

"அக்காவுக்கு இன்னும் வேகம். 3."

"எனக்கு இது மெதுவாத் தெரியுது. ஆனா அக்கா சொன்னா சரியா இருக்கும். 2."

மூன்றாவதைப் படித்த பிறகு அன்றைக்கு மேற்கொண்டு வேலை ஓடவில்லை.

மறுநாள் பெருக்கிப் பார்த்தேன். இரண்டை இரண்டரையால் பெருக்கினால் ஐந்து. நீ முதலில் வைத்த அதே ஐந்து. முதல் நாளே சரியாகத்தான் வைத்திருந்தாய்.

மாற்றினேன். அந்த அம்மாள் மீதியைச் சேர்த்து ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார். யாரிடமாவது சோதிக்க வேண்டும். இந்த முறை என்னை நான் நம்பவில்லை. உன் அத்தானை உட்கார வைத்து, எதுவும் சொல்லாமல், அவர் இரண்டு கைகளும் தெரியும்படி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். "என்ன இது, பரீட்சை ஹால் மாதிரி" என்று முனகிக்கொண்டே ஆரம்பித்தார். மூன்றாம் மாடியில் முனகல் நின்றது. ஐந்தாம் மாடியில் தேநீர் வேண்டுமா என்று கேட்டேன், காதில் விழவில்லை. ஒன்பதாம் மாடி முடித்து, இறங்கி, வெளிக்கதவைச் சாத்தினார். திரையிலிருந்து என் பக்கம் திரும்பி, "நாலாவது மாடி மூலை வீட்டுல ஆள் இருக்காங்களா இல்லையா? அடுத்த மாசம் வரைக்கும் நான் காத்துக்கிட்டு இருக்கணுமா?" என்றார் கோபமாக. ஏறியதற்கு மட்டும் கணக்கு வைத்திருந்தேன். இருபத்தாறு நிமிடம். ஓரிடத்தில் வழி தவறினார்.

இரண்டு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது வகுப்பில் நானே சொல்வதுதான். ஆனால் ஒன்றிலிருந்து இரண்டு என்பது நூறு சதவீத உயர்வு.

புதிய பதிப்பு தயாராக இருக்கிறது. உன் பெயரில் நுழையாமல் அதை ஏற்ற முடியாது. கள்ளத்தனமாக ஏற்றவும் எனக்கு மனம் இல்லை. முதல் திரையில் எந்த வரியும் சேர்க்கவில்லை. ஓடும் பட்டனையும் எடுக்கவில்லை. ஓட விரும்புகிறவன் ஓடட்டும், அதைத் தடுக்க நான் யார்? நிரலில் மட்டும் உன் மூன்று குறிப்புகளுக்குக் கீழே நான்காவதாக ஒன்று எழுதியிருக்கிறேன். "அக்கா சொன்னது தப்பு. 5." அதை நீ பார்த்து, சரி என்று தோன்றினால் வைத்துக்கொள். தோன்றாவிட்டால் அந்த வரியை மட்டும் அழி. ஐந்தை அழிக்காதே.

ஜூன் முப்பதுக்கு நாற்பத்தொரு நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் உன்னை அடைய ஒன்பது நாள். மீதி முப்பத்திரண்டு. தினமும் ஒரு கடிதம் எழுத என்னிடம் காகிதம் இருக்கிறது, கல்லூரியும் விடுமுறை. எழுதுவேன் என்று உனக்குத் தெரியும்.

தொலைந்த பொருள் அலுவலகத்தைச் செய்யத் தொடங்கினால் முதலில் எனக்கு அனுப்பாதே. யாராவது நிதானமான கைக்காரருக்கு அனுப்பு. எல்லாரும் பார்த்து முடித்த பிறகு, கடைசியாக எனக்கு அனுப்பு. குறை எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. எழுதினால் உன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், என் கை உனக்குத் தெரியும்படி.

நல்லா இருடா. உன் நடை உனக்குச் சரியாகத்தான் இருந்தது.

அக்கா