எடை ஒன்றரைக் கிலோவுக்குள்

மேலகரம்,
12.6.2025

அன்புள்ள ஜாய் அப்பாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் ஜாயும் மாமாவும் இங்கே சுகம். உங்களையும் அவர் குறைவில்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் எது கேட்டாலும் "பாப்போம்" என்று முடித்துவிடுகிறீர்கள். குரலைப் பதிவு செய்து அனுப்பினால் உங்கள் அறையில் இருக்கும் மற்ற மூன்று பேரும் சேர்ந்து கேட்கிறார்கள். வேல்ராஜ் அண்ணன் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதையும் நேந்திரங்காய் சிப்ஸ் இரண்டு பொட்டலமும் கொடுத்து விடுகிறேன். சிப்ஸை அந்த மூன்று பேருக்கும் கொடுக்கலாம், கடிதத்தைக் கொடுக்கக் கூடாது.

சாரல் இந்த வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது. அருவிக்குப் போகிற வண்டிகள் நம் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. மாமா ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து மூன்று நாளாகத் தும்முகிறார். கேட்டால் சளி இல்லையாம், தூசியாம். இந்த மழையில் தூசி எங்கிருந்து வந்தது என்று நானும் கேட்கவில்லை.

இனி லேப்டாப் விஷயம். நீங்கள் அனுப்பிய பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டு மூன்று தடவை தென்காசிக்குப் போய்வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் முகம்மது மீரான் பாய் கடை. வீட்டு பிளான் படம் வரையத்தான் வேண்டும் என்றதும், "கார்டு உள்ளதா, கார்டு இல்லாததா?" என்று கேட்டார். அன்று காலையில்தான் ரேஷன் கடையில் கார்டில் உள்ள எல்லோரும் வந்து விரல் ரேகை வைக்க வேண்டும் என்றார்கள். எங்கள் மூன்று பேருக்கும் முடிந்தது, உங்களுக்கு மட்டும் பாக்கி. அந்த நினைப்பிலேயே இருந்தேனா, "கார்டு இருக்கு பாய். நாலு பேரு, ஒரு ஆளு மஸ்கட்ல" என்று பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டேன். கடையே சிரித்தது.

சிரித்தால் சிரிக்கட்டும். பாய் கேட்டது லேப்டாப்புக்குள் இருந்து படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டையாம். அப்படியானால் அந்தக் கார்டு எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வந்துவிட்டால் நான் எழுந்திருக்க மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பாவம், பழுதுக்கு வந்திருந்த ஒன்றின் அடிமூடியைக் கழற்றிக் காட்டினார். கார்டு என்று பேர்தானே தவிர அட்டை மாதிரி ஒன்றுமே இல்லை. பலகையில் ஒட்டிய ஒரு கறுப்புச் சில்லு, அதற்கு மேல் செம்புக் குழாய், குழாயின் முனையில் உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஃபேன். "ரேம் பத்தலன்னா பொறவு கூட்டிக்கிடலாம் தங்கச்சி. கார்டு அப்படி இல்ல, போர்டோட ஒட்டியே வருது. வாங்கும்போது விட்டா விட்டதுதான்" என்றார்.

எப்சிபா அக்காவிடமும் யோசனை கேட்டேன். வீட்டு பிளான் போடும் ஆபீஸ் நடத்துகிறவர்கள், அதிலும் உங்கள் பெரியப்பா மகள், தப்பாகச் சொல்வார்களா? "கடைக்காரர் சொல்லுதத மட்டும் கேக்காத. தம்பி போட்ட படத்தையே கொண்டுபோயி ஓட்டிப் பாரு" என்றார்கள். நம் மாடி அறை கட்டுவதற்கு முன் நீங்கள் வரைந்த படம் பென்டிரைவில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் ஒன்றரைக் கிலோகூட இல்லாத மெல்லிசு லேப்டாப். அதில் தனிக் கார்டு கிடையாது. வீடு அழகாகத்தான் திறந்தது. படி, மாடி அறை, மலையைப் பார்த்த ஜன்னல், மேஜை, மேஜை பக்கத்தில் ஒரு ஆள். "அளவு தெரியதுக்காக ஒரு ஆள நிப்பாட்டுவாங்க" என்றார் பாய். தொப்பை இல்லையே தவிர, எனக்கு அது நீங்கள்தான். பாய் வீட்டைத் திருப்பினார். மேஜையைக் காணோம், ஜன்னலைக் காணோம், ஆளையும் காணோம், வெறும் சுவர்தான் சுற்றியது. நிறுத்தியதும் ஒவ்வொன்றாக வந்தன. ஏன் என்று கேட்டேன். திருப்பும்போது எல்லாவற்றையும் காட்ட இதற்குத் தெம்பு இல்லை, அதனால் சின்னச் சாமான்களை மறைத்துவிடுகிறது என்றார். நானே மவுஸை வாங்கிப் பத்து தடவை திருப்பிப் பார்த்தேன். ஆள் வருகிறார், போகிறார். உங்கள் நாற்பது நாள் லீவு மாதிரியே இருந்தது. எனக்கு அந்த லேப்டாப் பிடிக்கவில்லை.

அடுத்தது கார்டு உள்ளது. இரண்டரைக் கிலோ, சார்ஜரே தனியாக ஒரு செங்கல் அளவு. அதில் வீட்டை எப்படித் திருப்பினாலும், தலைகீழாகக் கவிழ்த்தாலும், அந்த ஆள் மேஜை பக்கத்திலேயே நின்றார். வேறொன்றையும் கண்டுபிடித்தேன். ஜன்னல் கதவு தண்ணீர்த் தொட்டியில் இடிக்கிறது என்று கொத்தனாரை அந்தப் பேச்சுப் பேசினீர்களே, உங்கள் படத்திலேயே இடிக்கிறது. கொத்தனாரைப் பார்த்தால் நான் மன்னிப்புக் கேட்கப் போகிறேன்.

அப்போதுதான் பாய் அந்தக் கேள்வியைக் கேட்டார். "வீட்டோட வச்சு வேலை பாக்கவா, தூக்கிட்டு அலையவா? இது கரண்டு இல்லாம ரெண்டு மணி நேரம்கூட தாங்காது." பதில் சொல்ல உங்கள் பட்டியலைப் பிரித்தேன். கடைசி வரியில் 'எடை ஒன்றரைக் கிலோவுக்குள்' என்று இருந்தது. என் கையால் எழுதியதுதான், ஆனால் அதுவரை அதை யோசித்துப் பார்க்கவில்லை.

கிறிஸ்துமஸ் லீவில் என்ன சொன்னீர்கள்? ஜூனோடு அக்ரிமென்ட் முடிகிறது, வந்துவிடுகிறேன், மாடியில் உட்கார்ந்து எப்சிபா அக்கா தரும் பிளான்களை வரைகிறேன் என்றீர்கள். மேஜை மேலேயே இருக்கப் போகிற சாமானுக்கு எடை எதற்கு? விமானத்தில் கையில் கொண்டுபோகிற பைக்குத்தானே கிலோ பார்ப்பார்கள்? மறுபடியும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்களா? கேட்டிருந்தால் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான். வாய் ஓயாதவள் என்று உங்கள் வீட்டில் பேர் வாங்கிய நான், பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கேட்டுச் சொல்கிறேன் பாய் என்றேன். அவர் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை வரை இரண்டையும் எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் காரணமோ விளக்கமோ எழுத வேண்டாம். எத்தனை கிலோ என்று மட்டும் போனில் அனுப்புங்கள். ஒன்றரை என்றால் அதையே வாங்கி வைக்கிறேன், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். இரண்டரை என்றால் மாடியில் காயப்போட்டிருக்கிற துணியை எல்லாம் எடுத்துவிட்டு, மேஜை பக்கத்தில் பிளக் பாயின்ட் வைக்க ஆளை வரச் சொல்கிறேன். ரேஷன் கடையில் விரல் வைக்கவும் இம்மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது.

இத்தனை வருஷமும் நீங்கள் போகும்போதெல்லாம் ஆண்டவர் துணை இருந்தார். வரும்போதும் இருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் பொன்செல்வி

பின்குறிப்பு: அந்தக் கனமான லேப்டாப்பைப் பாய் என்னைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். எனக்கு ஒன்றும் கனமாகத் தெரியவில்லை.